ஊதியமிலாப் பணியும் பொறுப்பும்

ஊதியம் பெறாது ஒருவர் செய்யும் பணியிலே பிழை நேருமாயின் அப்பிழைக்கு அவர் எவ்வளவு தூரம் பொறுப்பாளியாவார் என்பது பழைய வினா. கூலி பெற்றவர் கூலிக்கேற்ற வேலையைச் செய்தல் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின், எவரும் வற்புறுத்தாதபோது தாமாகவே முன்வந்து, தமது ஓய்வு நேரத்தைப் பிறர்க்கென ஒதுக்கிய ஒருவரை நோக்கி, 'நீர் செய்தது போதாது' என்று கூறும் உரிமை யாருக்குண்டு? கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு நன்றி கூறுவதன்றி வேறெதனையும் கேட்டல் முறையன்று என்றே பொதுவழக்கிற் கருதப்படுகிறது. இக்கருத்து அறத்தோடு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்தற்குப் பொருட்கொடையிலும் பார்க்கத் திறமைக்கொடையே தக்க களமாகும். பணத்தைக் கொடுப்பவரது செயல் பணம் கைமாறியதோடு பெரும்பாலும் நிறைவுறுகின்றது. தமது தொழிலறிவைக் கொடுப்பவரோ பெறுபவரின் நாளாந்த அலுவல்களுக்குள்ளே நுழைந்து, அவற்றை மாற்றி, அம்மாற்றத்தின் விளைவுகளோடும் தொடர்புடையவராகி விடுகிறார். இத்தகைய கொடையை ஒழுங்குபடுத்துதற்கென அமைந்த சங்கங்களுள் ஒன்றினை முன்னிட்டு இவ்வினா இங்கு நோக்கப்படுகின்றது.

இலண்டனின் பழைய நகரெல்லைக்குள் 'லிவெரிக் கம்பனிகள்' எனப்படும் தொழிற் சங்கங்கள் பல உள. 'லிவெரி' என்பது சங்கத்தவர் அணிந்த தனியுடையைக் குறித்த சொல். மத்திய காலத்திலே துணி வணிகர், மீன் வணிகர், பொற்கொல்லர், தையற்காரர் முதலானோர் தத்தம் தொழிலைக் கட்டுப்படுத்துதற்கென இவற்றை அமைத்தனர். பொருளின் தரத்தைச் சோதித்தல், மாணாக்கரைப் பழக்குதல், அயலார் தொழில் செய்வதைத் தடுத்தல் ஆகியவற்றோடு, நோயுற்ற அங்கத்தவரையும் அவர்தம் விதவைகளையும் பேணுதலும் இச்சங்கங்களின் கடமையாக இருந்தது. 1515ஆம் ஆண்டிலே நகரப் பிதாக்கள் நாற்பத்தெட்டுக் கம்பனிகளுக்கு முதன்மை வரிசை ஒன்றை வகுத்தனர். அவ்வரிசையில் முதலிடம் பெற்றது மேர்சர்ஸ் எனப்படும் துணி வணிகர் கம்பனி. காலப்போக்கில் தொழிலைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இவற்றுட் பெரும்பாலானவற்றின் கையை விட்டு நழுவிற்று. எஞ்சி நின்றது அறப்பணியே. 1423இல் இறந்த றிச்சர்ட் விற்றிங்ரன் என்னும் வணிகர் விட்டுச் சென்ற அறக்கட்டளையை மேர்சர்ஸ் கம்பனி ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளாகப் பேணி வருகின்றது.

இவ்வரிசையிலே நூறாவதாக இடம்பெற்றது தகவல் தொழினுட்பவியலாளர் கம்பனி. 1985இல் தொடங்கப்பெற்ற இச்சங்கம் 1992இல் லிவெரி உரிமையையும் 2010இல் அரச பட்டயத்தையும் பெற்றது. பழமை மிக்க புனித பார்த்தொலோமியு வைத்தியசாலையின் அயலிலே இதன் மண்டபம் உளது. தொழிலுக்கான தகைமைகளை வழங்குதல் இதன் வேலையன்று. அதனை 1957இல் உருவாகி 1984இல் பட்டயம் பெற்ற பிரித்தானியக் கணினிச் சங்கம் செய்து வருகிறது. கம்பனியின் நோக்கங்கள் தோழமை, கல்வி, அறப்பணி என்பனவே. ஆண்டுதோறும் மாறும் தலைவரும் அவர்க்குத் துணையான காப்பாளரும் ஆட்சி மன்றமும் இதனை நடத்துகின்றனர். அறக்கொடை, கல்வி, அங்கத்துவம் முதலான துறைகளைக் கவனிப்பவை தொண்டர் குழுக்கள். இக்குழுக்களில் அமர்பவர் பகற்பொழுதிலே வங்கிகளிலும் நிறுவனங்களிலும் கணினித் துறையில் உயர்பதவி வகிப்போராகவோ அத்தகைய பதவிகளிலிருந்து ஓய்வு பெற்றோராகவோ உள்ளனர். குழுவில் அமர்வதற்கென அவர்க்கு ஊதியமில்லை. கணினி வல்லுநரைச் சிறிய அறநிறுவனங்களோடு இணைக்கும் திட்டம் ஒன்றை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கம்பனி நடத்திற்று. 2011இல் மேற்கு இலண்டனிலே திறக்கப்பட்ட ஹமர்சிமித் அக்கடமி என்னும் பாடசாலையை மேர்சர்ஸ் கம்பனியுடன் சேர்ந்து ஆதரித்து நிறுவிற்று. வரிசையில் முதலாவதும் நூறாவதும் ஒரு பாடசாலைக்காக ஒன்றுசேர்ந்தமை குறிப்பிடத்தக்கது.

இத்தகைய குழுவொன்றின் அறநிலையை இரு வேறு கோணங்களில் நோக்கலாம். முதலாவது, அது கொடை செய்யும் இடம் என்பது. கொடுப்பவர் விரும்பிய அளவு கொடுக்கலாம், விரும்பியபோது நிறுத்தலாம், பெறுபவர் முன்பு இல்லாத ஒன்றைப் பெற்றமையால் எவ்வகையிலும் நட்டமடைந்தவராகார். இரண்டாவது, அது வாக்குக் கொடுக்கும் இடம் என்பது. குழு ஒரு பணியை ஏற்றதாகத் தீர்மானித்த கணத்திலே அதன் சுதந்திரம் குறைகின்றது. மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் கடமைகளை நிறைகடமை, குறைகடமை என இருவகைப்படுத்தினார். வாக்கைக் காப்பது நிறைகடமை. அதிலே விருப்பத்திற்கு இடமில்லை. பிறர்க்கு உதவுதல் குறைகடமை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் சுதந்திரம் உதவுபவருக்கு உண்டு. தொண்டர் குழுவின் சிக்கல் யாதெனில், அது குறைகடமையாகத் தொடங்கி, அதனை ஏற்றோர் அறியாமலே நிறைகடமையாக மாறிவிடுகின்றது என்பதே. மாற்றம் எக்கணத்தில் நிகழ்கிறது என்பதே ஆராயப்பட வேண்டியது.

இவ்வினாவுக்கு இலண்டன் நீதிமன்றம் ஒன்று மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே விடை கூற முயன்றது. 1703ஆம் ஆண்டிலே தீர்க்கப்பட்ட கொக்ஸ் எதிர் பேர்னாட் என்னும் வழக்கு அது. பேர்னாட் என்பவர் கொக்ஸ் என்பவரின் பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து மற்றொரு நிலவறைக்கு மாற்றிக் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டார். அவர் கூலிக்குச் சுமப்பவரல்லர். இப்பணிக்கென எதுவும் பெறவுமில்லை. அவரது கவனக்குறைவால் ஒரு பீப்பாய் உடைந்து பிராந்தி சிந்திற்று. கூலி பெறாதவரிடம் நட்டஈடு கேட்கலாமா என்பது வழக்கு. பிரதம நீதியரசர் ஹோல்ற் உள்ளிட்ட நீதிபதிகள் கேட்கலாம் எனத் தீர்ப்பளித்தனர். ஹோல்ற் கூறிய காரணம் கூர்ந்து நோக்கற்பாலது. பேர்னாட் வாயளவிற் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்காதே இருந்திருப்பின் அவர்மீது வழக்கில்லை. பொருளைத் தம் கையில் ஏற்று வேலையைத் தொடங்கியபின், பிறரொருவர் தம்மீது வைத்த நம்பிக்கையே அவரைக் கட்டுப்படுத்தப் போதுமானது என்பது அவர் கருத்து.

இக்கருத்து உரோமச் சட்டத்தின் அடியொற்றியது. கைம்மாறின்றிப் பிறர் அலுவலை ஏற்றுச் செய்தலை உரோமர் ஒரு தனிவகை ஒப்பந்தமாகவே கருதினர். கூலி கொடுக்கப்படின் அது அவ்வகையைச் சாராது. 533இல் வெளியான யஸ்ரினியனின் சட்ட நூல் இதுபற்றிக் கூறும் விதி எளிமையானது: அலுவலை ஏற்க மறுக்கும் உரிமை எவர்க்கும் உண்டு, ஏற்றபின் அதனை முடித்தல் வேண்டும், முடிக்க இயலாதெனின், அலுவலுக்குரியவர் தாமோ பிறரைக் கொண்டோ அதனை முடித்துக்கொள்ள அவகாசம் இருக்கும்படி விரைவில் அறிவித்து விலகுதல் வேண்டும். ஏற்கும்போது சுதந்திரம், ஏற்றபின் கட்டுப்பாடு, விலகும்போது முன்னறிவித்தல் என்னும் மூன்றும் இவ்விதியில் அடங்கியுள்ளன. ஊதியமிலாப் பணியின் ஒழுக்கத்தை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது.

ஏற்றபின் கட்டுப்பாடு ஏன் எழுகின்றது? பெறுபவர் முன்பு இல்லாத ஒன்றைப் பெறுவதால் அவர்க்கு நட்டமில்லை என்ற வாதம் ஒரு முக்கியமான உண்மையைக் கவனிக்கத் தவறுகின்றது. உதவி வரும் என்று நம்பியவர் அந்நம்பிக்கையின் பொருட்டு வேறு சிலவற்றைக் கைவிடுகிறார். முதியோரைப் பேணும் சிறிய நிறுவனம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அதன் பதிவுகள் யாவும் கைப்பட எழுதிய அட்டைகளில் உள்ளன. தொண்டர் குழு ஒன்று வந்து, அவற்றையெல்லாம் கணினிக்கு மாற்றித் தருவதாகக் கூறுகின்றது. நிறுவனம் வேறொருவரிடம் பெற்றிருந்த விலைமதிப்பை நிராகரிக்கின்றது. அட்டைகளை எழுதி வந்த முதிய எழுதுவினைஞர் வேறு வேலைக்கு மாற்றப்படுகிறார். எட்டு மாதத்தின் பின் பொறியமைப்பை ஆக்கியவர் வேறூர் செல்கிறார். அதன் கடவுச்சொல்லும் உள்ளமைப்பும் அவரொருவர்க்கே தெரியும். இப்போது நிறுவனத்திடம் பழைய அட்டைகளும் பயன்படவில்லை. புதிய பொறியமைப்பும் பயன்படவில்லை. கொடையானது பெற்றவரை முன்னிருந்த நிலையிலும் பார்க்கத் தாழ்ந்த நிலையிலே விட்டுச் சென்றது. மருந்துக்குரிய வேளையும் ஒவ்வாத உணவும் அப்பதிவுகளிலேயே உள்ளனவாதலின், இது வெறும் அலுவலகத் தொல்லையன்று. பீப்பாய் உடைந்தமைக்கும் இதற்கும் அறநோக்கில் வேறுபாடில்லை.

ஆகவே குறைகடமை நிறைகடமையாக மாறும் கணம் ஊதியத்தைப் பொறுத்ததன்று. பெறுபவர் தம் நிலையை மாற்றிக் கொள்வதைப் பொறுத்தது என்பது பெறப்படும். பெறுபவர் இன்னும் எதனையும் கைவிடாத வரையில், குழு தாராளமாகப் பின்வாங்கலாம். அவர் கைவிட்டபின் குழு பின்வாங்குமாயின், அது கொடுக்காமல் விட்டதாகாது. இருந்ததைப் பறித்ததாகவே முடியும்.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. தொண்டரை இவ்வளவு கடுமையாக நோக்கின் எவரே தொண்டுக்கு வருவர்? மாலையில் இரண்டு மணி நேரத்தைக் கொடுக்க வந்தவரிடம் வழக்கும் விசாரணையும் பற்றிப் பேசின், அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். அதனால் நலிவடைவோர் உதவி வேண்டியோரே. இம்மறுப்பு அலட்சியப்படுத்தற்குரியதன்று. சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் 1997ஆம் ஆண்டுச் சட்டமொன்று தொண்டர்களுக்குப் பாதுகாப்பு அளித்து, வேண்டுமென்று செய்த தீங்கு, மிகையான கவனக்குறைவு முதலியவற்றை அப்பாதுகாப்பிலிருந்து விலக்கிற்று. இங்கிலாந்தின் 2011ஆம் ஆண்டு அறநிறுவனச் சட்டம், நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்த அறங்காவலரைப் பொறுப்பினின்று விடுவிக்க வழி செய்தது. 2015இல் அங்கு நிறைவேறிய மற்றொரு சட்டம், சமுதாய நன்மைக்காகச் செயற்பட்ட ஒருவர்மீது கவனக்குறைவு வழக்கு வருமாயின் அந்நன்னோக்கத்தையும் நீதிமன்றம் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்றது.

இம்மறுப்பின் வலிமை இரு வேறு கருத்துக்கள் ஒன்றாகக் கலந்துள்ளமையால் மிகைப்பட்டுத் தோன்றுகின்றது. கடமை எவ்வளவு உறுதியானது என்பது ஒன்று. அதில் தவறியவரை எவ்வளவு கடிந்துகொள்ளலாம் என்பது மற்றொன்று. மேற்கூறிய சட்டங்கள் இரண்டாவதனையே தளர்த்துகின்றன. முதலாவதனை அவை ஒழிப்பதில்லை. களைத்த உடலோடு வந்து, நல்லெண்ணத்தோடு உழைத்து, இடையிலே தவறிய தொண்டரைக் கடிந்துகொள்ளாதிருத்தல் பண்பு. ஆயின், தவறே நிகழவில்லை என்று பாவனை செய்தல் அவர்க்கும் நன்மையன்று. உதவி பெற்றவர்க்கும் நீதியன்று. மன்னிப்பு என்னும் சொல்லுக்கே பொருள் இருத்தல் வேண்டுமாயின், மன்னிக்கப்படுவதற்கு ஒரு தவறு இருந்தாக வேண்டும்.

ஊதியமில்லாத பணி தரத்திலே குறைந்ததாய்த்தான் இருக்கும் என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. பிரித்தானிய சமூகவியலாளர் றிச்சர்ட் ரிற்மஸ் 1970இல் வெளியிட்ட தமது நூலிலே, விலையின்றிக் குருதி கொடுக்கும் பிரித்தானிய முறையையும் விலைக்குக் குருதி வாங்கும் அமெரிக்க வழக்கையும் ஒப்பிட்டு, விலைக்கு வந்த குருதியிலேயே நோய்க்கிருமியின் அபாயம் மிகுதி என்று வாதிட்டார். பணத்துக்காகக் கொடுப்பவர் தம் நோயை மறைக்கக்கூடும். அன்பினாற் கொடுப்பவர்க்கு மறைக்கக் காரணமில்லை. எனவே கைம்மாறு கருதாமை தரத்திற்குத் தடையாகாதிருப்பதோடு, சில வேளைகளில் தரத்தின் காரணமாகவும் அமையும். எனினும், அங்கும் கொடையாளரின் அன்பு மட்டும் தனித்து நின்று பயன் விளைக்கவில்லை. பதிவேடுகளும் சோதனைகளும் குளிர்ப் பெட்டிகளும் கொண்ட ஓர் ஒழுங்கமைப்பு அவ்வன்பை ஏற்று, நோயாளியிடம் சேர்ப்பித்தது. கணினித் தொண்டர்க்கு அவ்வொழுங்கமைப்பாக இருக்க வேண்டியது குழுவேயாகும்.

தொழில் வல்லுநர் தொண்டு செய்யும்போது இன்னுமொரு பொறுப்பு அவரைச் சார்கின்றது. அயலார் வீட்டு மதிலுக்கு வண்ணம் பூச ஒரு கணினிப் பொறியியலாளர் முன்வந்தால், அவரிடம் சாதாரண கவனத்தையே எதிர்பார்க்கலாம். அவரே கணினியைச் சீர்செய்ய முன்வந்தால் எதிர்பார்ப்பு வேறாகும். இங்கிலாந்தின் 2000ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டம், தனிப்பட்ட அறிவோ அனுபவமோ உடையவர் அல்லது உடையவராகத் தம்மைக் காட்டிக்கொள்பவர், அவ்வறிவிற்கும் அனுபவத்திற்கும் ஏற்ற கவனத்தைச் செலுத்துதல் வேண்டும் என்று விதித்துள்ளது. அறிவு மிக மிகப் பொறுப்பும் மிகும் என்பதே இதன் உட்பொருள். சிறிய அறநிறுவனத்தார் கணினி வல்லுநர் செய்த வேலையைச் சோதித்தறிய வல்லவரல்லர். அவரது அறியாமையே வல்லுநரிடம் அவரை அழைத்து வந்தது. இந்நிலையில் 'அவர்கள் குறை எதுவும் கூறவில்லை' என்பது வல்லுநர்க்குச் சான்றாகாது. 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆளொருவரின் அந்தரங்க விபரங்களைக் கையாள்வது நிறுவனமா, ஊதியம் பெறாத தொண்டரைக் கொண்ட சங்கமா என்று பார்த்து விலக்களிப்பதில்லை. வெளிப்பட்ட இரகசியம் யாரால் வெளிப்பட்டதாயினும் அதற்குரியவர் படும் துன்பம் ஒன்றே.

இனி, பொறுப்பு உண்டு எனக் கொண்டாலும், அது யாருடையது என்ற வினா எஞ்சுகின்றது. தனியொருவர் ஏற்ற வேலையெனின் விடை எளிது. குழு ஏற்ற வேலையில் அது மறைந்துவிடக் கூடும். 1980இல் அரசியற் சிந்தனையாளர் டெனிஸ் தொம்சன் இச்சிக்கலைப் பல கைகளின் பிரச்சினை எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். அரச நிருவாகத்தில் ஒரு தீங்கு விளையும்போது, அதனைத் தீர்மானித்தவர் பலர், நிறைவேற்றியவர் பலர் ஆதலால், தனித்தனியே நோக்கின் எவருமே முழுக் காரணர் அல்லர் என்னும் நிலை தோன்றுகின்றது. தொண்டர் குழுக்களிலும் இது நிகழ்கின்றது. கூட்டக் குறிப்பேடுகளின் மொழியே இதற்குச் சான்று: 'ஆவன செய்வதெனத் தீர்மானிக்கப்பட்டது.' யார் செய்வது, எந்நாளுக்குள் என்பன அவ்வாக்கியத்தில் இல்லை. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்ப்பர். அங்கு பொய் சொன்னவர் ஒருவருமில்லை. ஆயினும் வாக்கு பொய்த்துவிட்டது.

இதனாற் குழுமுறையே தீது எனக் கொள்ளலாகாது. தனித்தொண்டர் நோயுறலாம், ஊர் மாறலாம், ஆர்வம் தணியலாம். அவரோடு அவர் கொடுத்த வாக்கும் மறையும். குழு என்பது ஒருவரின் ஆர்வம் தணிந்த பின்னரும் அவர் கொடுத்த வாக்கு நிலைத்திருத்தற்கு மனிதர் கண்ட உபாயமாகும். விற்றிங்ரனின் கட்டளையை அறுநூறு ஆண்டு காத்தது எந்தத் தனிமனிதரது நற்குணமுமன்று. ஒருவர் இடத்திற்கு மற்றொருவர் வந்து பழைய வாக்கைத் தமதென ஏற்ற மரபேயாகும். ஆகவே குழுவிற் பொறுப்பை வகுக்கும் முறை இரு பகுதியாக அமைதல் வேண்டும். தீர்மானத்திற்கு எல்லோரும் உடையர். வேலைக்கு ஒருவர் உடையர். வேலைக்குரியவர் தவறின், 'எம்மில் ஒருவர் தவறினார்' என்று சுட்டிக்காட்டிக் குழு ஒதுங்கலாகாது. அவ்வேலையை மீண்டும் தன் கையில் எடுத்தல் அதன் கடன். இங்கிலாந்தின் அறநிறுவன மரபும் இதனையே கொள்கின்றது: அறங்காவலர் ஒரு பணியைக் குழுவிடம் ஒப்படைக்கலாம், இறுதிப் பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது.

மூன்றாவதாக நோக்கத்தக்கது பெறுபவரின் நிலை. விலை கொடுத்து வாங்குபவருக்குக் குறை கூறும் உரிமை உண்டு. இலவசமாகப் பெறுபவர் அவ்வுரிமையை இழந்துவிடுகிறார். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மௌஸ் கொடையைப் பற்றி 1925இல் வெளியிட்ட ஆய்விலே, எச்சமுதாயத்திலும் கொடை முற்றாக இலவசமானதன்று, பெற்றவரைத் திருப்பிச் செய்யும் கடப்பாட்டுக்கு அது உட்படுத்துகிறது என்று காட்டினார். திருப்பிச் செய்ய வகையற்ற ஏழை நிறுவனம் எதனைத் திருப்பிக் கொடுக்கும்? தனது மௌனத்தையே கொடுக்கும். பொருந்தாத மென்பொருளையும் வேண்டாத கணினியையும் புன்னகையோடு ஏற்றுக்கொள்ளும். கொடுத்தவர் அப்புன்னகையைக் கண்டு தம் பணி சிறந்ததென மகிழ்வர். தக்கவர்க்கு, தக்க அளவில், தக்க வேளையிற் கொடுப்பதே வண்மை என அரிஸ்டோட்டில் கூறினார். தக்கது எது என்பதைப் பெறுபவரிடம் கேளாது அறிவது எவ்வாறு? பெறுபவர் அச்சமின்றி 'இது எமக்கு உதவவில்லை' என்று சொல்லும் வாய்ப்பைக் கொடையோடு சேர்த்தே கொடுக்காத குழு, தன் திருப்திக்காக உழைத்ததாகவே கருதப்படும்.

தொழிலாளர் சங்கங்கள்மீது இதனிலும் கடுமையான ஐயம் ஒன்றும் உண்டு. ஒரே தொழிலைச் சேர்ந்தோர் களிப்புக்காகக் கூடினாலும் அக்கூட்டம் பொதுமக்களுக்கு எதிரான சூழ்ச்சியிலே முடிவதுண்டு என்று அடம் சிமித் 1776இல் எழுதினார். விலையையும் தொழிலையும் கட்டுப்படுத்திய பழைய சங்கங்களை மனத்திற் கொண்டே அவர் அவ்வாறு கூறினார். அவ்வதிகாரம் இன்று தகவல் தொழினுட்பவியலாளர் கம்பனிக்கு இல்லை. ஆயினும் விருந்துகளும் சடங்குகளும் செல்வாக்குடையோரின் அறிமுகமும் அங்கு உள்ளன. தொண்டின் பெயரால் அவற்றைத் தேடி வருவோரும் இருத்தல் கூடும். இதனை மறைக்க வேண்டியதில்லை. தோழமையை நாடி வந்தவர் நல்ல பணி செய்வதுண்டு. தூய நோக்கோடு வந்தவர் பணியைப் பாழாக்குவதுமுண்டு. மனச்சாய்வினாற் செய்யும் உதவிக்கு அறமதிப்பு இல்லை என்று கான்ற் கொண்டது செய்பவரின் உள்ளத்தைப் பற்றியது. உதவி பெறும் முதியவர்க்கு வேண்டியது மருந்து வேளை தவறாத பதிவேடு. நோக்கத்தின் தூய்மையை ஒரு குழு சோதிக்க இயலாது. வேலையின் நிறைவைச் சோதிக்க இயலும். 1509இல் புனித பவுல் பாடசாலையை நிறுவிய ஜோன் கொலெற் குருவானவராக இருந்தும், அதன் பராமரிப்பைக் குருமாரிடம் விடாது, குடும்பஸ்தராகிய மேர்சர்ஸ் கம்பனியாரிடமே ஒப்படைத்தார். எவரிடமும் முழு நம்பிக்கை வைத்தற்கில்லையாயினும் இத்தகையோரிடமே குறைந்த ஊழலைக் கண்டதாக அவர் கருதினார் என அவர்தம் நண்பர் எராஸ்மஸ் எழுதியுள்ளார். புனிதரைத் தேடாமல் கணக்குக் காட்டப் பழகியவரைத் தேடிய அம்முடிவு ஆழ்ந்த உலகியலறிவின் பாற்பட்டது.

இலங்கையிலும் இவ்வினா அண்மைக்காலத்தில் நடைமுறையில் எழுந்ததுண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடற்கோள் நிகழ்ந்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டில் மாண்டபோது, கணினித் துறையினர் பலர் தம் வேலைகளை ஒதுக்கி வைத்து, காணாமற் போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றைச் சில வாரங்களுக்குள் ஆக்கினர். 'சஹானா' எனப் பெயர் பெற்ற அம்மென்பொருள் 2005இல் பாக்கிஸ்தான் பூகம்பத்தின்போதும் 2010இல் ஹெயிற்றி பூகம்பத்தின்போதும் பயன்பட்டது. 2006இல் சுதந்திர மென்பொருள் நிறுவகத்தின் சமுதாய நன்மைக்கான விருதினையும் பெற்றது. இவ்வளவு தூரம் அது சென்றமைக்கு முதற் சில வாரங்களின் தியாகவுணர்வு இன்றியமையாத காரணம். ஆனால் அதுமட்டும் காரணமன்று. லங்கா சொப்ற்வெயர் பவுண்டேஷன் என்னும் நிறுவனம் அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. பின்னர், 2009இல், அதனைப் பேணுதற்கெனவே தனி நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. அழிவின் நடுவில் எழுந்த இரக்கம் தொடக்கத்தைத் தந்தது. அடுத்த நாட்டிலே அடுத்த அழிவு நேரும்போதும் மென்பொருள் இயங்கவேண்டும் என்பதற்கு, பிழைகளைத் திருத்திப் புதுப்பிக்கும் பொறுமை வேண்டியிருந்தது.

தமிழ் மரபு இவ்விடத்து ஒரு தெளிவைத் தருகின்றது. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னரே ஒப்புரவறிதலுக்கென வேறோர் அதிகாரமும் வகுத்தார். வறியவர்க்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்ந்து தன் ஆற்றலைப் பொதுமைக்குப் பயன்படுத்துவது ஒப்புரவு. ஒப்புரவு கைம்மாறு கருதாததாயினும், அதனைக் 'கடப்பாடு' என்னும் சொல்லாலேயே அவர் சுட்டுகிறார். கைம்மாறு இன்மையும் கடமையாதலும் ஒன்றோடொன்று முரணுவன என்ற எண்ணம் அவர்க்கு இல்லை. தொழில் வல்லுநரின் தொண்டு ஈகையின் வகையைச் சார்ந்ததென நினைப்பதாலேயே மேற்கூறிய குழப்பங்கள் பல தோன்றுகின்றன. அவருடைய அறிவு அவர் தனித்து ஈட்டியதன்று. ஆசிரியராலும், முன்னோர் எழுதி வைத்த நூல்களாலும், சமுதாயம் செலவிட்ட பொருளாலும் அவரிடம் வந்து சேர்ந்தது. அதன் ஒரு பகுதியைப் பொதுமைக்குத் திருப்புபவர் ஒப்புரவாளர். ஒப்புரவாளரிடம் கணக்குக் கேட்டல் அவரை அவமதிப்பதாகாது.

இவ்வாராய்ச்சியின் முடிபுகளைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம். ஊதியமின்மை ஏற்பதற்கு முன்னுள்ள சுதந்திரத்தை விரிவாக்குகின்றது. ஏற்றபின் உள்ள கடமையைச் சுருக்குவதில்லை. பிறர் தம்மை நம்பி எதனையேனும் கைவிட்ட கணத்தில் அக்கடமை பிறக்கின்றது. அது தவறும்போது கடுஞ்சொல்லைக் குறைத்தல் தகும். தவற்றை மறைத்தல் தகாது. வல்லுநரின் கடமை அவரது வன்மையால் அளக்கப்படும். குழு அக்கடமையைப் பலரிடையே கரைத்துவிடாது, தனியொருவர்க்குப் பின்னரும் அதனை நிலைபெறச் செய்தல் வேண்டும். நடைமுறையில் இவை சிறிய செயல்களாகவே முடிகின்றன: ஏற்குமுன் 'இயலாது' என்று சொல்லத் துணிதல், ஒவ்வொரு தீர்மானத்தின் பக்கத்திலும் ஒரு பெயரையும் ஒரு திகதியையும் எழுதுதல், கடவுச்சொல்லை இருவர் அறியச் செய்தல், விலகுமுன் அறிவித்தல், பெற்றவரிடம் சென்று பயன்பட்டதா என்று கேட்டு, அவர் விடை கூறும்வரை காத்திருத்தல். இவற்றுள் எதற்கும் பெருந்தியாகம் வேண்டுவதில்லை. பல்கலைக்கழக மாணவர் சங்கங்களிலும் ஊர்ச் சனசமூக நிலையங்களிலும் ஆண்டுதோறும் தெரிவாகும் குழுக்களுக்கும் இவை பொருந்தும். உதவி கேட்டு வந்தவர் குழுவினரின் நல்லெண்ணத்தை நம்பி வருவதில்லை. அது அவர்க்குத் தெரியாது. அவர் நம்பி வருவது அவர்கள் சொன்ன சொல்லையே.